எந்தச் சட்டத்துக்கு நான் மனைவி

என் கணவருக்குக் காரியம் முடிந்து, வாசலில் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் கொழுந்தன் வந்தார். கணவருக்கு ஒரே தம்பி. கலியாணமான நாளிலிருந்து அவர் என்னை அண்ணி என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அந்த வீட்டில் என் சமையலைக் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அதனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை.

“அண்ணி, நீங்க எங்கயும் போக வாணாம். கடைசி வரைக்கும் இங்கயே இருங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றார்.

என் வீட்டில் நான் இருப்பதற்கு இவர் எதற்கு உத்தரவு கொடுக்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தின்மேல் இருந்தது.

“வூடு அப்பா வழியில வந்தது, பாகம் பிரிச்சப்ப அண்ணனுக்கு வுழுந்துச்சு. நாம ரெனோன்சான் குடும்பம். நமக்கு பிரெஞ்சு சட்டம்தான். அண்ணன் புள்ள இல்லாம பூட்டாரு. அந்தச் சட்டப்படி வூடு எனக்கு வரணும். நீங்க இருந்துக்கலாம். அவ்ளோதான் அண்ணி.”

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் இங்கே சிலர், எங்கள் சாதி வழக்கப்படியான சட்டம் எங்களுக்கு வேண்டாம், உங்கள் சட்டமே எங்களுக்கும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சாமியை மாற்றவில்லை, சட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கூடவே பிரெஞ்சு வாடை அடிக்கும் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அவர்கள்தான் ரெனோன்சான். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய பிறகு இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. இந்தக் குடும்பங்களை மட்டும் அவை தொடவில்லை. உங்கள் சட்டம் உங்களுக்கு இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்களாம்.

என் மாமனார் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மில்லில் தறி ஓட்டியவர்தான். ஆனால் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, “நாங்க ரெனோன்சான்” என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தினார், நாங்கள் வியக்க வேண்டும் என்று. நாங்களும் வியந்தோம். அவருடைய அப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, சைகோன் வரைக்கும் போய் வந்தவர் என்பது அடுத்த பெருமை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப்பேர் இப்படி ஏதாவது ஒன்று சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நல்ல துணியில் தைத்த சட்டை மாதிரி அது எல்லாருக்கும் போட்டுக்கொள்ள மட்டும் பிடித்திருந்தது.

கொழுந்தன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை சீக்கிரம் வராது, கோபம்தான் வரும். அன்றைக்குக் கோபமும் வரவில்லை. அவர் என்னைத் துரத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இருந்துக்கலாம் என்று சொன்னவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆணி அடிக்கக்கூட இன்னொருவரைக் கேட்கவேண்டிய வீட்டில், சாகும்வரை தயவில் ஒண்டிக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறந்த வீட்டில் எனக்கு யாரும் மிச்சமில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தது. அந்தச் சம்பளத்தில் சாப்பிடலாம், வேறு வீடு பார்க்க முடியாது.

சில மாதத்தில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. வழக்குப் போட்டவர் கொழுந்தன்தான். வீடு சட்டப்படி தன்னுடையது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். போடுவதற்கு முன்னால் போன் செய்து, “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணு கலியாணத்துக்கு நிக்கிறா,” என்று சொல்லியிருந்தார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த வக்கீல் என்னைவிட வயதில் சின்னவள். பேச்சில் படபடப்பு கிடையாது. அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் இந்தச் சிக்கல் எவ்வளவு விநோதமானது என்று புரிந்தது.

“நீங்க இந்தியச் சட்டத்துக்குக் கீழ வந்தா வூடு உங்களுது. மாமியாரும் இல்ல, புள்ளயும் இல்ல, பொண்டாட்டிதான் முழு வாரிசு. பிரெஞ்சு சட்டத்துக்குக் கீழ வந்தா தம்பிதான் முன்னாடி நிக்கறாரு. உங்களுக்கு அனுபவிக்கிற உரிமை மட்டும்.”

“பிரான்சுல பொம்பளைங்கள இப்படியா வச்சிருக்காங்க?”

“அங்க எப்பவோ மாத்திட்டாங்கக்கா. இப்ப அங்க பொண்டாட்டிக்கு நல்ல பங்கு உண்டு. அவுங்க இங்கருந்து கெளம்பிப் போன அன்னிக்கு சட்டம் எப்படி இருந்துச்சோ, நம்ம ஊர்ல மட்டும் அப்படியே நிக்குது. மாத்தறதுக்கு இங்க யாரும் கை வைக்கல.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும்தான் விஷயம் உறைத்தது. தான் பிறந்த நாடே கைவிட்ட ஒரு சட்டம், நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ஒரு சட்டம், என் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆண் பெண் எல்லாரும் சமம் என்று அரசியல் சாசனம் சொல்கிறதே என்று கேட்டேன். சொல்கிறதுதான் என்றாள். ஆனால் பழைய சட்டத்தைச் சாசனத்தோடு மோதவிட்டு, இது செல்லாது என்று தீர்ப்பு வாங்குவது பெரிய வேலை, டெல்லி வரைக்கும் இழுக்கும், அதற்குள் நமக்கு வயதாகிவிடும் என்றாள். வேறு வழி ஒன்று இருந்தது. கணவரின் முன்னோர் யாரோ எழுதிக் கொடுத்தார் என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பத்திரம் அவர்களிடம் இல்லை. அதனால் குடும்பம் எந்தச் சட்டப்படி வாழ்ந்தது என்பதை நடைமுறையை வைத்துக் காட்டப் பார்ப்பார்கள்.

“அப்ப நா என்ன செய்யணும்?”

“கேட்டதுக்கு உள்ளத சொல்லுங்க போதும்.”

உள்ளதைச் சொல்வது இவ்வளவு பயமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. எந்த உள்ளது என் பக்கம், எந்த உள்ளது எனக்கு எதிர் என்றே தெரியவில்லை. வாழ்ந்த வாழ்க்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய நாளன்று, கடற்கரைக்குப் போய் அவர்கள் கொடி ஏற்றுவதைப் பார்த்தோமே, அது குற்றமா? கணவர் காலையில் இட்லியை ஒதுக்கிவிட்டு ரொட்டி வாங்கி வரச் சொல்வாரே? வீட்டு வாசலில் பெயர்ப் பலகை போட்டாரே, அந்தக் குடும்பப் பெயரோடு? ஒருநாள் காலை ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பலகையைக் கழற்றினேன். கழற்றி உள்ளே வைத்ததும், ஐயோ, கழற்றியதையே கேட்டால் என்ன சொல்வது என்று திரும்ப மாட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்களோ என்று அந்த வாரம் முழுக்க அவளிடம் அளவுக்கு மீறிச் சிரித்தேன்.

இந்தப் பயம் வேறு மாதிரியும் வேலை செய்தது. எதையும் புதிதாகச் செய்யக் கை வரவில்லை. சமையலறையில் ஒழுகும் ஓட்டை மாற்ற ஆளைக் கூப்பிடவில்லை. இது யார் வீட்டு ஓடு என்று தெரியாமல் எப்படி மாற்றுவது? மழைக்குப் பாத்திரம் வைத்தேன். எனக்குச் சொந்தமா இல்லையா என்று தெரியாத ஒரு வீட்டில், இன்னொருவருடைய மனைவியைப் போல நடமாடினேன். என் கணவர் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார். அவரிடமும் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், போய்விட்டார். உயிலைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் எங்கே இருந்தது என்று பிறகு நானே சமாதானம் ஆவேன்.

கடலூர் சாலையில் இருக்கும் கோர்ட்டுக்கு வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். வாய்தா மேல் வாய்தாவாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் கொழுந்தன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். “அண்ணி, சக்கர கம்மியாத்தான் போடச் சொன்னேன்,” என்பார். நான் வாங்கிக் குடித்தேன். வேண்டாம் என்று சொன்னால், அவர் குடும்பத்தில் நான் ஒருத்தி இல்லை என்று ஆகிவிடுமோ? குடித்தால், அவர் குடும்பத்தின் சட்டம் எனக்கும் உண்டு என்று ஆகிவிடுமோ? டீயில் கூட எனக்குச் சட்டம் தெரிந்தது.

எதிர்த் தரப்பு வக்கீல் வயதானவர். பிரெஞ்சில் சட்டம் படித்த தலைமுறையில் மிச்சமிருந்த சிலரில் ஒருவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் கூடுதலாக நடுக்கம். அவர் நீதிபதியிடம் வாதம் செய்த நாளில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆட்சி மாறிய நாளில் இந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசினார். ஒரு அரசு போய் இன்னொரு அரசு வந்தால் மனிதர்களின் கலியாணமும் சொத்தும் அந்தரத்தில் தொங்கக்கூடாது, அதனால்தான் அந்தச் சட்டத்தை அப்படியே காப்பாற்றினார்கள், அதைக் கோர்ட்டு தன் விருப்பத்துக்கு மாற்றி வாசிக்கக்கூடாது என்றார். கேட்கக் கேட்க எனக்கே அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதுதான் பயம். அந்தரத்தில் தொங்கியது நான் ஒருத்திதானே.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “சார், ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சட்டத்த நான் படிக்கும்போது, அன்னிக்கு இங்க உக்காந்திருந்த பிரெஞ்சு நீதிபதி மாதிரி படிக்கணுமா? இல்ல, சாசனத்து மேல உறுதி எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கிற நான் படிக்கிற மாதிரி படிக்கணுமா?”

வார்த்தை அதேதான், யார் படித்தாலும் என்றார் வயதானவர். நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று வக்கீலம்மா முகத்தைப் பார்த்தேன். அவளும் தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

குடும்பப் பெயர் இதுதானா என்றார் அந்தப் பெரியவர். ஆமாம் என்றேன். கணவரின் பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரா? ஆமாம். உங்கள் கலியாணம் மேரியில் நடந்ததா? மேரி என்பது கடற்கரையோரம் இருக்கும் நகராட்சிக் கட்டடம். பழையது மழையில் இடிந்து விழுந்து, அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆமாம், அங்கேதான் நடந்தது, மாலை மாற்றினோம், கையெழுத்துப் போட்டோம் என்றேன். ஒவ்வொரு ஆமாமுக்கும் வீட்டின் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைப்பது போலிருந்தது.

“ஆக, அம்மா, அந்த நாள்லருந்து நீங்க அவரோட மனைவியா அந்த வீட்டுக்குப் போயிட்டீங்க.”

மேரிக் கலியாணத்தன்று மாமனார் வீட்டில் விருந்து நடந்தது. கொழுந்தன் அப்போது பள்ளிக்கூடப் பையன். மாலையோடு நான் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும், அதைத்தான் வக்கீலிடம் சொல்லியிருப்பார். சாப்பிட்டு முடித்ததும் என் அத்தைகள் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனது அவருக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? எது என் வீட்டைக் காப்பாற்றும் என்று தெரிந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியாததால் உண்மையைச் சொன்னேன்.

“இல்லீங்க. சாப்ட்டுட்டு எங்க அம்மா வூட்டுக்குப் பூட்டேன்.”

“ஏன்?”

“இன்னும் தாலி கட்டலீங்களே. கோயில்ல தாலி கட்டினப்புறம்தான் அவுங்க வூட்டுக்குப் போனேன். எங்க பக்கம் எல்லாருமே அப்டித்தாங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இத்தனை பேர் நடுவில், முதலிரவைப் பற்றி வாக்குமூலம் கொடுப்பது போல. நீதிபதி சிரிக்கவில்லை. நான் சொன்னதை ஒரு தடவை திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். பெரியவர் அடுத்த கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு என் பக்கம் வந்தது. வக்கீலம்மா எனக்குத் தமிழில் சொன்னாள். நாட்டில் எல்லாருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து ஒருத்தியை வெளியே தள்ள வேண்டும் என்று கேட்பவர் அதை ஐயமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பழைய விதிவிலக்கை விரித்துப் படிக்கக்கூடாது, சாசனம் வந்த பிறகு அதைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். பெயரும் பட்டாளமும் மேரியும் போதாது. மேரியில் கையெழுத்துப் போட்ட பிறகும் தாலி கட்டும்வரை மருமகளைத் தாய்வீட்டிலேயே விட்டுவைத்த குடும்பம், எந்தச் சட்டத்தைத் தன் சட்டமாக மதித்தது என்பதற்கு அதுவே அடையாளம். கொழுந்தன் சென்னைக்கு மேல்முறையீடு போனார். அங்கேயும் அதுவே நின்றது. அந்தத் தீர்ப்பு வக்கீல்கள் வைத்துப் படிக்கும் புத்தகத்தில் வந்துவிட்டது, இனி இதே மாதிரி வழக்குகளில் எடுத்துக் காட்டுவார்கள் என்று வக்கீலம்மா சந்தோஷமாகப் போன் செய்தாள்.

எனக்கும் சந்தோஷம்தான். சமையலறை ஓடுகளை மாற்றினேன். பயம் மட்டும் உடனே போகவில்லை. தபால்காரர் மணியடித்தால், கோர்ட்டுக் கடிதமோ என்று வாசலுக்கு ஓடுவேன். கொழுந்தன் அதற்குப் பிறகு வரவில்லை. பெண் கலியாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார், போய் வந்தேன். “வாங்க அண்ணி,” என்றார்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் வந்து வாசலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். முன்பின் பார்த்ததில்லை. நாற்பதுக்கு மேல் இருக்கும். காலாப்பட்டுப் பக்கம் மீன் வியாபாரம் என்றாள். அவளுடைய புருஷனுக்கு இவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி இறந்த பிறகு கட்டிக்கொண்டவர். அவரும் போய்விட்டார். மீன் விற்ற வருமானத்தையும் போட்டு இரண்டு பேருமாகக் கட்டிய வீட்டை, முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கே என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“எங்க வூட்டுக்காரரு குடும்பமும் ரெனோன்சான்தாங்கக்கா. பிரெஞ்சு சட்டப்படி, கலியாணத்துக்கு அப்பறம் சேர்ந்து சம்பாரிச்சதுல பாதி பொண்டாட்டிது. உயில் அதத் தொடவே முடியாதாம். அத வச்சித்தான் கேஸ் போட்டேன். பத்திரம் எங்ககிட்டயும் இல்ல. மொத தாரத்துப் பசங்க உங்க தீர்ப்ப எடுத்துட்டு வந்திருக்காங்க.”

எனக்குப் புரிய ஆரம்பித்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். விதிவிலக்கைச் சுருக்கிப் படித்தது என்னைக் காப்பாற்றியது. அதே சுருக்கலில் இவள் வெளியே விழுகிறாள். இந்தியச் சட்டப்படி அவர் பெயரில் இருக்கும் வீட்டை அவர் யாருக்கும் எழுதி வைக்கலாம். அந்தப் பழைய, அங்கே செத்துப்போன சட்டம் என்னிடமிருந்து வீட்டைப் பிடுங்கப் பார்த்தது, இவளுக்கு அதுதான் கூரை. வக்கீலம்மா, நீதிபதி, நான், யார் கண்ணிலும் அன்றைக்கு இவள் படவில்லை.

“கலியாணத்தன்னிக்கு மேரிலருந்து எங்க போனன்னு கேப்பாங்கன்னு எங்க வக்கீல் சொல்றாரு. நம்மூர்ல எல்லாம் எங்க போவாங்க, அம்மா வூட்டுக்குத்தான?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் என்ன சொல்வது? உண்மையைச் சொல் என்றால் வீடு போகும். பொய் சொல் என்று சொல்ல, அந்த உண்மையால் கிடைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு நாக்கு எழவில்லை. என் வீட்டுக்காக நான் பயந்ததெல்லாம் இப்போது அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். மன்னிச்சிடும்மா என்றேன், மெதுவாக.

“நீங்க இன்னா பண்ணுவீங்க? உங்க வூட்ட நீங்க காப்பாத்திக்கினீங்க. நா திட்ட வரலக்கா,” என்றாள். “வர்ற வாரம் என்னக் கூண்டுல ஏத்தறாங்க. எனக்கு அங்க யாரையும் தெரியாது, பயமா கீது. உங்களுக்குப் பழகின எடம். கூட வந்து சும்மா ஒக்காந்திருக்கீங்களா?”

தட்டாஞ்சாவடியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பின் வரிசையில், அவள் திரும்பினால் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தேன். அவள் கூண்டில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினாள். நான் தலையசைத்தேன். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார், என் தீர்ப்பு வந்திருந்த புத்தகத்தைப் பிரித்தார். முதலில் படித்தது என் பெயரைத்தான்.